பக்கத்துக் கடையை எடுக்குமுன்: பிசினஸ் ரேட்ஸ் சலுகை நிற்குமா, போகுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் நானும் மனைவியும் 9 ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்தி வருகிறோம். சிறுவணிகச் சலுகை கிடைப்பதால் இதுவரை பிசினஸ் ரேட்ஸ் (வணிக இடங்களுக்கான வரி) கட்டியதில்லை. இந்த ஏப்ரலில் கவுன்சில் அனுப்பிய பில்லில் கடையின் ரேட்டபிள் வேல்யூ 9,900 பவுண்டிலிருந்து 11,500 பவுண்டாக உயர்ந்திருக்கிறது. எங்கள் கடையோடு ஒட்டியிருந்த சிகையலங்கார நிலையம் மூடப்பட்டு 5 மாதங்களாகக் காலியாக உள்ளது. அதன் ரேட்டபிள் வேல்யூ 7,200 பவுண்டு. அதை எடுத்து, முன்பகுதியில் கொத்து, அப்பம், ஷோர்ட் ஈட்ஸ் விற்கும் டேக்அவேயும், பின்பகுதியில் கடைச் சாமான்களுக்கு ஒரு ஸ்டோரும் வைக்க எண்ணியுள்ளோம். லண்டனில் இரண்டும் சேர்ந்து 28,000 பவுண்டுக்குள் இருந்தால் சலுகை போகாது என்கிறார் ஒரு நண்பர். மனைவியின் பெயரில் எடுத்தால் பிரச்சினையே இல்லை என்கிறார் இன்னொருவர். திருத்த வேலை செய்தால் ஓராண்டு வரி இல்லை என்றும், டகன்ஹம் பக்கத்தில் 5 ஆண்டு வரிவிலக்கோடு கிடங்கு கிடைக்கும் என்றும் கேள்விப்படுகிறோம். எதை நம்பி லீஸில் கையெழுத்துப் போடுவது?

பதில்:

கையெழுத்துப் போடுமுன் எழுதிக் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. வணிகச் சொத்து மதிப்பீட்டுப் பணியில் நான் பார்த்த வருத்தமான கோப்புகளில் பெரும்பாலானவை, கடையைத் திறந்து ஆறு மாதம் கழித்து முதல் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்களுடையவை. அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. உங்களுக்கு இன்னும் எல்லா வழியும் திறந்திருக்கிறது. உங்கள் நண்பர்கள் சொன்னவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் விதியின் பாதியை மட்டும் சொல்கிறது, உங்களுக்குக் காசு போகக்கூடிய இடம் சொல்லப்படாத மறுபாதியில்தான் இருக்கிறது.

உயர்ந்த மதிப்பிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்து முழுவதும் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் நடைமுறைக்கு வந்துள்ளது. முந்தைய பட்டியல் 2021 ஏப்ரல் 1 அன்று இருந்த வாடகை நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டது. அது கொரோனா முடக்கக் காலம். புதிய பட்டியல் 2024 ஏப்ரல் 1 நிலவரத்தை வைத்துத் தயாரானது. அதனால் உங்கள் கடையின் மதிப்பு ஏறியதில் வியப்பில்லை. ரேட்டபிள் வேல்யூ என்பது அந்தக் குறித்த நாளில் அந்த இடத்துக்குச் சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய ஓராண்டு வாடகையின் மதிப்பீடு மட்டுமே. நீங்கள் கட்ட வேண்டிய வரி அன்று. அதை அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் பெருக்கு வீதத்தால் பெருக்கி, சலுகைகளைக் கழித்த பின் வருவதே வரி.

உங்களுடையதைப் போன்ற சில்லறைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 2025-26-இல் 40 சதவீதத் தள்ளுபடி இருந்தது. அது முடிந்துவிட்டது, அதற்குப் பதிலாக இந்த ஆண்டு முதல் அவற்றுக்கென்று தனியாகக் குறைந்த வீதம் வைத்திருக்கிறார்கள். மதிப்பு 51,000 பவுண்டுக்குக் கீழுள்ள சில்லறை, உணவு, பொழுதுபோக்கு இடங்களுக்கு ஒரு பவுண்டுக்கு 38.2 பென்ஸ், மற்றச் சிறு வணிக இடங்களுக்கு 43.2 பென்ஸ். இதன்படி, சிறுவணிகச் சலுகையைக் கழிக்குமுன், உங்கள் கடையின் ஓராண்டு வரி 4,393 பவுண்டு. ஒரே ஒரு வணிக இடத்தை வைத்திருப்பவருக்கு அதன் மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்தால் முழு வரியும் தள்ளுபடி. 12,000-ஐத் தாண்டியதும் சலுகை படிப்படியாகக் குறைந்து, 13,500-இல் பாதியாகி, 15,000-இல் இல்லாமல் போய்விடும். நீங்கள் 11,500-இல் நிற்கிறீர்கள். ஆகவே இந்தக் கடை மட்டும் இருக்கும்வரை இந்த ஆண்டும் நீங்கள் கட்ட வேண்டியது எதுவுமில்லை. ஆனால் எல்லைக்கு இன்னும் 500 பவுண்டே மிச்சம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அது மீண்டும் வரும்.

இப்போது பக்கத்துக் கடை. நண்பர் சொன்ன 28,000 பவுண்டு எல்லை உண்மையானது. லண்டனுக்கு வெளியே அது 20,000. ஆனால் அதே விதியில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தே இருக்கிறது: முதன்மைக் கடையைத் தவிர நீங்கள் வைத்திருக்கும் வேறு எந்த வணிக இடத்தின் மதிப்பும் 2,899 பவுண்டைத் தாண்டக் கூடாது. இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டும். உங்கள் இரு இடங்களும் சேர்ந்து 18,700. மொத்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் இரண்டாவது இடம் தனியாக 7,200. அங்கேயே சலுகை விழுந்துவிடுகிறது. 2,899 என்பது ஒரு சிறிய அறைக்கோ வாகனத் தரிப்பிடத்துக்கோ பொருந்தும் தொகை. லண்டனில் தெருவைப் பார்த்த ஒரு கடைக்குப் பொருந்துவது அரிது.

இருந்தும் சட்டம் உடனே கையை விட்டுவிடுவதில்லை. வணிகம் வளர்ந்து இரண்டாவது இடத்தை எடுப்பவர் முதல் கடைக்கான சலுகையைக் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகைக் காலம் முன்பு 12 மாதமாக இருந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 ஆண்டுகளாக நீட்டினார்கள். சிறு வணிகர்களுக்கு அண்மையில் கிடைத்தவற்றில் உண்மையிலேயே பயனுள்ள மாற்றம் இதுவென்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் இரண்டாவது கடை தன் காலில் நிற்க ஓராண்டு போதாது என்பது கடை நடத்திய எவருக்கும் தெரியும். உங்கள் கணக்கில் 3 ஆண்டு என்பது ஏறத்தாழ 13,000 பவுண்டு மிச்சம். இரண்டாவது இடத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2,750 பவுண்டு அளவில் கட்டிவருவீர்கள். புதிய மதிப்பீட்டால் வரும் வரி உயர்வைப் படிப்படியாக்கும் இடைக்காலப் பாதுகாப்பு எதையும் பெறாதவர்களிடம் இந்த ஓராண்டு மட்டும் பவுண்டுக்கு 1 பென்ஸ் கூடுதலாக வாங்குகிறார்கள். அதை நான் இந்தத் தொகைகளில் சேர்க்கவில்லை.

ஆனால் நீங்கள் எடுக்க நினைப்பது ஒட்டியிருக்கும் இடம். எனக்குக் கவலை தருவது இதுதான். நண்பர்கள் எவரும் இதைப் பற்றி உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனில் ஒரே கட்டடத்தின் 2ஆம், 6ஆம் மாடிகளை வைத்திருந்த ஒரு நிறுவனம் இரண்டையும் ஒரே சொத்தாக மதிப்பிட வேண்டும் என்று கேட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பொதுப் படிக்கட்டையோ பொது வழியையோ பயன்படுத்த வேண்டியிருந்தால் அவை தனித்தனிச் சொத்துகள் என்ற நிலை வந்தது. அருகருகே உள்ள அறைகளையும் தனித்தனியாக மதிப்பிடத் தொடங்கியதால் பலரின் வரி ஏறியது. ‘படிக்கட்டு வரி’ என்று வணிகர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் குறையைப் போக்க 2018-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி, ஒரே ஆள் வைத்திருக்கும் இரண்டு இடங்கள் சுவராலோ தளத்தாலோ ஒட்டியிருந்து, அவற்றின் பயன்பாடு முற்றிலும் வேறுபட்டதாக இல்லாவிட்டால், அவை ஒரே சொத்தாக மதிப்பிடப்படும். நடுவே கதவு இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பெரிய அலுவலகங்களுக்கு உதவுவதற்காக வந்த இந்தச் சட்டம் உங்களைப் போன்ற ஒருவருக்கு எதிர்த் திசையில் வேலை செய்யக்கூடும். பலசரக்குக் கடையின் சாமான்களையே பக்கத்து இடத்தின் பின்பகுதியில் அடுக்கி வைத்தால், இரண்டின் பயன்பாடும் முற்றிலும் வேறு என்று வாதிடுவது கடினம். ரேட்டபிள் வேல்யூவைத் தீர்மானிக்கும் அரசின் மதிப்பீட்டு அலுவலகம் இரண்டையும் சேர்த்தால், உங்களிடம் இருப்பது இரண்டு கடைகள் அல்ல, 18,000 பவுண்டுக்கு அருகே மதிப்புள்ள ஒரே கடை. அது 15,000-ஐத் தாண்டுவதால் சலுகை அன்றோடு நிற்கும். இரண்டாவது இடம் என்ற ஒன்றே இல்லாததால் 3 ஆண்டுச் சலுகைக் காலமும் கிடைக்காது. ஆண்டுக்கு 2,750 பவுண்டு என்று எண்ணி இறங்கியவர் 7,000 பவுண்டு அளவில் கட்ட நேரிடும். சுவரை இடித்து வழி திறந்துவிட்டால் இதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஆகவே என் ஆலோசனை, ஸ்டோரை அங்கே வைக்கும் எண்ணத்தை இப்போதே மறுபரிசீலனை செய்யுங்கள் என்பதே. டேக்அவே மட்டும், தனி நுழைவு, தனிச் சமையலறை, தனி மீட்டர் என்று இருந்தால் உங்கள் வாதம் ஓரளவு வலுப்பெறும்; அப்போதும் முடிவு மதிப்பீட்டு அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. இன்னொரு வழி, இதே வாடகைக்கு உங்கள் கடையோடு ஒட்டாத ஓர் இடம் அதே வரிசையில் கிடைக்குமா என்று பார்ப்பது. இடையில் ஒரு கடை இருந்தாலே சேர்த்து மதிப்பிடும் பேச்சு எழாது. 3 ஆண்டுச் சலுகைக் காலமும் உங்களுக்கு உறுதியாகிவிடும்.

மனைவியின் பெயரில் எடுக்கும் யோசனைக்கு வருகிறேன். இதைக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. எங்கள் சமூகத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. சலுகை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது லீஸில் உள்ள பெயர் மட்டுமன்று. அந்த இடத்தை உண்மையில் வைத்திருந்து நடத்துபவர் யார் என்பதே. உங்கள் மனைவி தன் சொந்த நிறுவனம் ஒன்றைப் பதிந்து, தனி வங்கிக் கணக்கு, தனிக் கொள்முதல், தன் ஊழியர்கள் என்று டேக்அவேயைத் தானே நடத்தினால், அவர் வேறு வரிசெலுத்துநர். 7,200 பவுண்டு மதிப்புள்ள அந்த ஒரே இடத்துக்கு அவருக்கும் முழுச் சலுகை கிடைக்கும். இரண்டு இடங்களையும் சேர்க்கும் விதியும் பொருந்தாது. சட்டம் இதற்கு இடம் தருகிறது. ஆனால் உங்கள் கடிதத்தின்படி நீங்கள் இருவரும் சேர்ந்தே இந்தக் கடையை நடத்துகிறீர்கள். புதிய இடமும் அதே வணிகத்தின் நீட்சியாகத்தான் தெரிகிறது. அப்படியிருக்கப் பெயரை மட்டும் மாற்றி எழுதி, சலுகை விண்ணப்பத்தில் அதை உண்மையென்று அறிவித்துக் கையெழுத்திடுவது குற்றமாகிவிடும். கூடவே வற் (VAT) பிரச்சினையும் வரும். சூடான டேக்அவே உணவுக்கு 20 சதவீத வற் உண்டு. வற் பதிவு கட்டாயமாகும் 90,000 பவுண்டு ஆண்டு விற்பனை எல்லையைத் தாண்டாமல் இருக்க ஒரே வணிகத்தைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று வரித் திணைக்களம் கருதினால், இரண்டையும் ஒன்றாக எடுத்துக் கணக்குப் பார்க்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு உண்மையிலேயே அந்தத் தொழிலைத் தனியாக நடத்தும் விருப்பமும் ஆற்றலும் இருந்தால் அதைத் தயங்காமல் செய்யுங்கள், நான் மகிழ்வேன். ரேட்ஸுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

திருத்த வேலை பற்றிக் கேள்விப்பட்டது 2024 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய மேம்பாட்டுச் சலுகையாக இருக்க வேண்டும். கடையை விரிவாக்கினாலோ, சூடாக்கும் அமைப்பு, குளிரூட்டி போன்றவற்றைப் பொருத்தினாலோ கடையின் மதிப்பு ஏறும். அப்படி ஏறிய பகுதிக்கு மட்டும் 12 மாதம் வரி இல்லை. முழுக் கடைக்கும் வரி இல்லை என்பது பிழை. அதைவிட முக்கியமாக, வேலை தொடங்கிய நாளிலிருந்து அந்த இடம் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். வரிசெலுத்துநரும் மாறாமல் இருந்திருக்க வேண்டும். காலியான சிகையலங்கார நிலையத்தை எடுத்து, திறப்பதற்கு முன் செய்யும் வேலைக்கு இது கிடைக்காது. உங்கள் பழைய கடைக்குத்தான் இது உதவும். குளிரூட்டி பொருத்தும் எண்ணம் இருந்தால், மேலே சொன்ன 500 பவுண்டு இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள்: மதிப்பு 12,000-ஐத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும், மேம்பாட்டுச் சலுகை அதை ஓராண்டு தள்ளிப் போடும், அவ்வளவே. கூரையில் சூரிய மின்தகடு போடுவதானால் அந்தக் கவலை இல்லை; அவற்றை 2035 மார்ச் வரை மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை.

காலியாக இருக்கும் காலத்துக்கான விலக்கைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காலியான கடைக்கு முதல் 3 மாதம் வரி இல்லை என்பது சரி. அந்த 3 மாதமும் கட்டடத்தோடு போகிறது; ஆளோடு போவதில்லை. சிகையலங்கார நிலையம் 5 மாதமாகப் பூட்டிக் கிடப்பதால் அந்த விலக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. லீஸ் தொடங்கும் நாளிலிருந்து, உள்ளே ஒரு அடுப்பும் இல்லாவிட்டாலும், முழு வரியும் உங்கள் மேல் விழும். சிகையலங்காரக் கடையைச் சூடான உணவு விற்கும் டேக்அவேயாக மாற்றக் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் முடியும்வரை கழியும் மாதங்களுக்கும் இதே நிலைதான். ஒரு கட்டடம் முழுதாக இடித்துத் திருத்தப்பட்டுப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருந்தால் அதன் மதிப்பை 1 பவுண்டாகக் குறைக்கலாம் என்று 2017-இல் சண்டர்லாந்து அலுவலகக் கட்டடம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதை யாராவது உங்களுக்கு உதாரணம் காட்டினால் நம்பிவிட வேண்டாம்; தட்டு அலுமாரி அடிப்பதும் சமையலறை பூட்டுவதும் அந்த அளவுக்கு வராது. இதற்கு நடைமுறையில் உள்ள ஒரே நல்ல வழி வீட்டுக்காரரோடு பேசுவது. 5 மாதமாகக் காலியாக இருக்கும் இடத்தின் ரேட்ஸை இப்போது அவரே தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கக்கூடும். திட்ட அனுமதி கிடைத்தால் மட்டுமே லீஸ் தொடங்கும் என்ற நிபந்தனையையும், முதல் சில மாத வாடகை விலக்கையும் கேட்டுப் பெற உங்களுக்கு இப்போதிருக்கும் வலு பிறகு இருக்காது. கவுன்சில்கள் கடைமுகப்புத் திருத்தத்துக்கு மானியம் தரும் இடங்களும் உண்டு. கேட்பதானால் வேலை தொடங்குமுன் கேளுங்கள்.

மதிப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். கடைகளை அளக்கும்போது தெருவைப் பார்த்த முகப்பிலிருந்து முதல் 6.1 மீட்டர் ஆழத்துக்கு முழு வீதமும், அடுத்த 6.1 மீட்டருக்கு அதில் பாதியும், அதற்கடுத்ததற்குக் கால்வாசியும் என்று கணக்கிடுவார்கள். உள்ளே இருக்கும் ஸ்டோரை முன்பகுதியாக அளந்திருந்தால் மதிப்பு கணிசமாக ஏறிவிடும். அரசின் இணையப் பக்கத்தில் உங்கள் கடையின் அளவு விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். பிழையிருந்தால் நீங்களே அங்கு திருத்தம் கோரலாம். உங்கள் மதிப்பைக் குறைத்துத் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து முற்பணம் கேட்பவர்களிடம் கையெழுத்திட வேண்டாம். இந்தச் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது.

டகன்ஹம் பற்றிய செய்தி தேம்ஸ் ஃப்ரீபோர்ட் என்ற வரிச்சலுகை வலயத்தைக் குறிக்கிறது. டகன்ஹம், டில்பரி, லண்டன் கேட்வே ஆகிய இடங்களில் வரையறுத்த எல்லைக்குள் புதிதாக வரும் வணிகத்துக்கு 5 ஆண்டு வரை முழு ரேட்ஸ் விலக்கு உண்டு. அந்த ஊரின் அஞ்சல் குறியீடு இருப்பதால் மட்டும் கிடைக்காது. வரைபடத்தில் உள்ள கோட்டுக்குள் கட்டடம் இருக்க வேண்டும். அவை துறைமுகச் சரக்குக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் ஒதுக்கிய நிலங்கள். ஒரு பலசரக்குக் கடையின் கிடங்குக்கு ஏற்ற அளவில் அங்கே இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும், கிடங்குக்கு வரி இல்லையே தவிர அதற்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு 2,899-ஐத் தாண்டும்போது ஹரோ கடையின் சலுகை, 3 ஆண்டு கழித்து அதனாலேயே போய்விடும். உங்கள் அளவில் நடக்கும் வணிகத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

இந்த வாரமே மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் கவுன்சிலின் ரேட்ஸ் பிரிவுக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். இரு இடங்களின் முகவரி, வரைபடம், எந்த இடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றைக் கொடுத்து, அவற்றைத் தனித்தனிச் சொத்தாக வைப்பார்களா, சேர்ப்பார்களா என்று கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்ன பதில் பிறகு உங்களுக்கு உதவாது; எழுத்தில் வந்ததை லீஸ் கோப்பிலேயே வையுங்கள். இடத்தை எடுத்தால், எடுத்த நாளிலிருந்து 4 வாரத்துக்குள் கவுன்சிலுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. அதைச் செய்யாதவர்களிடம் பழைய ஆண்டுகளின் சலுகையைத் திரும்பக் கேட்டு பில் வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டு அலுவலகத்தின் பதில் வந்ததும் அதன் நகலோடு வரைவு லீஸையும் எனக்கு அனுப்பினால், ரேட்ஸ் தொடர்பான பிரிவுகளைப் பார்த்து மீண்டும் எழுதுகிறேன்.